கடற்பாசி நார்ப்பொடி சர்க்கரையைக் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 51. இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையை இரு வேளையும், தைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றிலும் சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரை சராசரி (எச்பிஏ1சி) 7.8. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் கடற்பாசி நார்ப்பொடி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை வளர்த்துச் சர்க்கரையையும் எடையையும் கட்டுக்குள் வைக்கும் என்று அதன் டப்பாவில் போட்டிருக்கிறது. இதைச் சாப்பிட ஆரம்பித்தால் மாத்திரையைக் குறைக்கலாமா? கடற்பாசியைச் செரிக்கும் பாக்டீரியா ஜப்பானியர் குடலில் மட்டும்தான் இருக்கிறது என்கிறார்களே, அப்படியானால் நமக்கு இது வேலை செய்யுமா? நோன்புக் காலத்தில் நாங்கள் காய்ச்சும் கடற்பாசியில் இருப்பதும் இதே நார்தானே? பக்கத்து வீட்டுப் பெண்ணோ கடற்பாசிப் பொருள்கள் குடலைப் புண்ணாக்கும் என்று படித்ததாகச் சொல்கிறார்.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். அந்தப் பொடியை நம்பி மாத்திரையில் எதையும் நீங்களாகக் குறைக்க வேண்டாம். சிலவகைக் கடற்பாசி நார்கள் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை ஓரளவு தணிக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் இதுவரை தெளிவாகக் காட்டப்பட்டிருக்கும் அந்தப் பலன், நார் இரைப்பையிலும் சிறுகுடலிலும் கூழாக இறுகுவதால் கிடைப்பதே தவிர, டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பாக்டீரியாக்களால் கிடைப்பது அன்று. மேலும், உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் ஒரு மருத்துவ உணவியலாளராக எனக்கு முதலில் எழுந்த கவலை சர்க்கரையைப் பற்றியதே அன்று, உங்கள் தைராய்டைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடற்பாசி நார் என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பா, தானியம் என்று மட்டும் எழுதியிருக்கும் மூட்டையைப் போன்றது. உள்ளே அரிசியா கேழ்வரகா என்று தெரியாமல் அதை எப்படிச் சமைப்பது? பழுப்புப் பாசிகளிலிருந்து அல்ஜினேட், லாமினாரின், ஃபூகோய்டன் ஆகியவை கிடைக்கின்றன. சிவப்புப் பாசிகளிலிருந்து அகர், கராஜீனன், போர்ஃபிரான் ஆகியவையும், பச்சைப் பாசிகளிலிருந்து அல்வானும் கிடைக்கின்றன. இவை அனைத்தும் நீளமான கூட்டுச்சர்க்கரைகள் என்பதைத் தவிர, உடலுக்குள் நடந்துகொள்ளும் விதத்தில் ஒன்றுக்கொன்று பெரிய ஒற்றுமை கிடையாது. உங்கள் ஊர்க் கரையிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. பெண்கள் கடலுக்குள் மூழ்கி எடுத்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்குப் போகின்றன. கட்டக்கோரை அல்ஜினேட்டுக்குப் போகிறது. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்து, மக்கள் பெப்சி பாசி என்றே பெயரிட்டுவிட்ட கப்பாஃபைகஸ் பாசியோ கராஜீனனுக்காகவே வளர்க்கப்படுகிறது. ஆகவே உங்களிடம் உள்ள டப்பாவில் இவற்றில் எது இருக்கிறது என்பதே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. அது எழுதப்படாமல் இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் ஒதுக்கி வைத்துவிடலாம்.

இனி பாக்டீரியாக்களைப் பற்றி. நாம் உண்ணும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் பாலில் உள்ள லாக்டோஸையும் உடைக்கும் நொதிகள் நம் உடலில் சுரக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு. அல்ஜினேட்டையோ அகரையோ உடைக்க நம்மிடம் ஒரு நொதியும் இல்லை. ஆகையால் அவை சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு ஏறக்குறைய முழுமையாகவே போய்ச் சேர்கின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் நிலைமை வேறு. பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான் என்ற ஒரே ஓர் இனத்தின் மரபுத்தொகுதியில் மட்டும் கூட்டுச்சர்க்கரைகளை வெட்டும் நொதிகளுக்கான மரபணுக்கள் இருநூறுக்கு மேல் உள்ளன. அவை நாரை நொதிக்கவைக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. பியூட்டிரேட்டைப் பெருங்குடலின் சுவரில் உள்ள செல்கள் தங்கள் முதன்மையான எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. மற்றவை இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கும் பிற இடங்களுக்கும் போகின்றன. குடற்சுவரில் இருக்கும் சில செல்களை இந்த அமிலங்கள் தூண்டும்போது ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. பசியைத் தணிப்பதும், இன்சுலின் சுரப்புக்கு உதவுவதும் இவற்றின் வேலை. எடை குறைப்பு ஊசிகளைப் பற்றிய செய்திகளில் ஜிஎல்பி-1 என்ற பெயரை நீங்கள் படித்திருக்கலாம். அந்தப் பெயரைக் காட்டித்தான் நார்ப்பொடி விற்பவர்கள் பலர் ஆசை காட்டுகிறார்கள். நாரைச் சாப்பிட்டு இயல்பாக ஏறும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும் சிறு அளவு. ஊசியில் செலுத்துவது நாள்கணக்கில் இரத்தத்தில் தங்கும்படி மாற்றியமைக்கப்பட்ட மருந்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நேர்மையன்று.

ஜப்பானியர்களைப் பற்றி நீங்கள் கேட்டது வெறும் வதந்தி அல்ல, அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. பிரான்சின் ரோஸ்காஃப் கடற்கரையில் உள்ள ஆய்வு நிலையத்தின் அறிவியலாளர்கள், கடலில் சிவப்புப் பாசியின் மேல் வாழும் சோபெலியா கலக்டானிவோரன்ஸ் என்ற பாக்டீரியாவை ஆராய்ந்தபோது, போர்ஃபிரானை வெட்டும் புதிய நொதி ஒன்றைக் கண்டார்கள். அந்த நொதிக்கான மரபணு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடியபோது, கடல் பாக்டீரியாக்களைத் தவிர அது கிடைத்த ஒரே இடம், ஜப்பானியர்களின் குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் பிளெபியஸ் என்ற பாக்டீரியா. 13 ஜப்பானியரின் குடல் மரபணுத் தரவுகளையும் 18 வட அமெரிக்கரின் தரவுகளையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் அந்த மரபணு கிடைத்தது. இரண்டாவதில் ஒருவரிடமும் கிடைக்கவில்லை. நேச்சர் இதழில் 2010-இல் இது வெளிவந்தது. போர்ஃபிரான் மிகுந்திருப்பது, சூஷியைச் சுற்றப் பயன்படும் நோரி என்ற பாசியில். ஜப்பானில் எட்டாம் நூற்றாண்டிலேயே கடற்பாசியை வரியாகச் செலுத்தியதற்குச் சான்று உண்டு என்பதால், தலைமுறை தலைமுறையாகச் சுடாமல் வாட்டாமல் உண்ட பாசியோடு உள்ளே போன கடல் பாக்டீரியாக்கள் தங்கள் மரபணுக்களைக் குடல் பாக்டீரியாக்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. உணவுப் பழக்கம் ஒரு மக்கள் கூட்டத்தின் குடல் உயிரிகளை எவ்வளவு ஆழமாக மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதிலிருந்து, கடற்பாசியைச் செரிக்கும் ஆற்றல் ஜப்பானியருக்கு மட்டுமே உரியது என்ற முடிவுக்குப் போவது பிழை. அந்த ஆய்வு பேசியது போர்ஃபிரானைப் பற்றி மட்டுமே. பின்னர் 2022-இல் வெளியான விரிவான ஆய்வு, இத்தகைய மரபணுப் பரிமாற்றம் ஒருமுறை அல்ல, பலமுறை, பல பாக்டீரியாக்களிடையே நடந்திருப்பதைக் காட்டியது. அகரையும் கராஜீனனையும் உடைக்கும் குடல் பாக்டீரியாக்களும் கண்டறியப்பட்டுள்ளன. லாமினாரினைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஓட்ஸ், பார்லி, காளான் ஆகியவற்றில் உள்ள பீட்டா குளூக்கனுக்கு அது நெருங்கிய உறவு என்பதால், கடலையே பார்க்காதவர்களின் குடலிலும் அதை உடைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மனித மலத்தில் உள்ள பாக்டீரியாக்களைக் கொண்டு பிரான்சில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வுக்கூடச் சோதனையில், லாமினாரின் நன்றாக நொதித்தது, அல்ஜினேட் ஓரளவு நொதித்தது, ஃபூகோய்டன் அசையவே இல்லை. நொதிக்காத நாரிலிருந்து மேலே சொன்ன கொழுப்பமிலங்கள் எவையும் கிடைக்கமாட்டா. அத்தகைய நாரை விற்கும் டப்பாவில் பாக்டீரியாவின் படத்தைப் போடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

நொதிக்கும் நார்களிலும்கூட ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானில் ஆரோக்கியமான ஆண்கள் சிலருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் அல்ஜினேட்டை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில், பிஃபிடோ பாக்டீரியாக்கள் கூடின. இதைத்தான் விளம்பரங்கள் நல்ல பாக்டீரியா வளர்ந்தது என்கின்றன. ஆனால் மலத்தில் ஒரு பாக்டீரியா கூடியதும், இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததும் இருவேறு செய்திகள். முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதும் நடந்ததாகச் சொல்லிவிட முடியாது. எலிகளில் கடற்பாசி நார்கள் எடையையும் இன்சுலின் எதிர்ப்பையும் குறைத்ததாகக் கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அங்கே எலிக்கு ஊட்டப்படும் உணவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை அந்த நாராகவே இருப்பதுண்டு. நீங்கள் ஒரு தேக்கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கப் போகிறீர்கள்.

மனிதர்களிடம் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஸ்வீடனில் 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 7 ஆண்களுக்கு உணவோடு 5 கிராம் சோடியம் அல்ஜினேட் கொடுத்தபோது, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறிய அளவு 31 சதவீதம் குறைந்தது. இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகமும் மட்டுப்பட்டது. இது ஒரே வேளை உணவில், உண்ட சில மணி நேரத்துக்குள் கிடைத்த விளைவு என்பதைக் கவனியுங்கள். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் பெருகி வேலை செய்வதற்கு அங்கே நேரமே இல்லை. இரைப்பையின் அமிலத்திலும், உணவில் உள்ள கால்சியத்தோடு சேரும்போதும் அல்ஜினேட் கூழாக இறுகி, மாவுச்சத்து சிறுகுடலில் கரைந்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கப்படும் கேவிஸ்கான் போன்ற மருந்துகளில் இருப்பதும் இதே அல்ஜினேட்தான். இரைப்பையில் இருப்பதன் மேல் அது மிதக்கும் கூழாகப் படர்ந்து, அமிலம் மேலே ஏறாமல் தடுக்கிறது.

எடைக்கு இது உதவுமா என்பதை டென்மார்க்கில் நல்ல முறையில் சோதித்தார்கள். உடற்பருமன் உள்ள 96 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, இரு குழுவுக்கும் கலோரி குறைந்த உணவைக் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் நாளொன்றுக்கு 15 கிராம் அல்ஜினேட்டைப் பானமாக மூன்று வேளை உணவுக்கு முன் கொடுத்தார்கள். 12 வாரம் கழித்து, இறுதிவரை தாக்குப்பிடித்த 80 பேரை மட்டும் கணக்கில் எடுத்தால், அல்ஜினேட் குழுவில் சராசரியாக 6.78 கிலோவும் மற்றதில் 5.04 கிலோவும் குறைந்திருந்தன. இடையில் விலகியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் இன்சுலினிலும் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஒன்றரை லிட்டர் கொழகொழப்பான பானத்தை நாள்தோறும் குடித்து, அதோடு உணவையும் குறைத்தவர்களுக்கே கிடைத்தது இவ்வளவுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் டப்பாவில் உள்ள கரண்டியைப் பாருங்கள்.

கூழாவதால்தான் பெரும்பலன் என்று நான் சொல்வதற்கு வலுவான துணைச்சான்று கடலில் இல்லை, நம் மருந்துக்கடையில் இருக்கிறது. இசப்கோல் உமியைக் குடல் பாக்டீரியாக்களால் ஏறக்குறைய நொதிக்கவைக்கவே முடியாது. அப்படியிருந்தும் உணவுக்கு முன் எடுத்துக்கொண்டால் அது நீரிழிவு உள்ளவர்களின் சர்க்கரையையும் கெட்ட கொழுப்பையும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பாக்டீரியாவின் தயவில்லாமல், கூழின் பிசுபிசுப்பு ஒன்றினாலேயே கிடைக்கும் பலன் அது. கடல் கடந்து வரும் டப்பாவின் விலையை இசப்கோல் பொட்டலத்தின் விலையோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் குடல் பாக்டீரியாக்களுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சீனாவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு முழுத்தானியங்களையும் பலவகை நார்களையும் கலந்து 12 வாரம் கொடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்கும் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாக் கூட்டம் ஓங்கி வளர்ந்தது, அது வளர்ந்தவர்களுக்கு மூன்று மாத சராசரியும் நன்றாக இறங்கியது. ஆனால் அங்கே வேலை செய்தது ஒரு பொடி அல்ல, தட்டில் இருந்த பலவகை நார்களின் கூட்டு. வேறொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சாப்பிடும் மெட்ஃபார்மினே குடல் பாக்டீரியாக்களைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றும் மருந்து. நீரிழிவு நோயாளிகளின் குடலில் காணப்படுவதாக முன்பு சொல்லப்பட்ட மாற்றங்களில் ஒரு பகுதி நோயால் வந்ததல்ல, மெட்ஃபார்மினால் வந்தது என்று 2015-இல் தெரியவந்தபோது பல பழைய முடிவுகளைத் திருத்த வேண்டியதாயிற்று. எனவே பொடியைச் சாப்பிட்டுவிட்டு மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, பாக்டீரியாக்கள் மாறிவிட்டனவா என்று பார்க்கச் சொல்லும் நிறுவனங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். உங்களைப் போன்ற ஒருவரிடம் அந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

நோன்புக் கடற்பாசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் இருப்பது அகர். கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும் அதே பொருள். அகருக்கும் ஆதரவான ஆய்வு உண்டு. ஜப்பானில் உடற்பருமனோடு நீரிழிவோ, அதற்கு முந்தைய நிலையோ இருந்த 76 பேரிடம் 12 வாரம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஜப்பானிய உணவோடு அகர் கூழையும் சேர்த்தவர்கள் சராசரியாக 2.8 கிலோவும், சேர்க்காதவர்கள் 1.3 கிலோவும் குறைந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது இனிப்புப் பலகாரம் அல்ல, இரவு உணவுக்கு முன் வயிற்றை நிரப்பும் வெறும் கூழ். நம் வீட்டில் 10 கிராம் சைனா கிராஸைக் காய்ச்சி ஏறக்குறைய ஒரு லிட்டர் பாலை உறையவைக்கிறோம். ஒரு கிண்ணத்தில் நார் ஒன்றரை கிராம் இருந்தால் அதிகம். அதே கிண்ணத்தில் சர்க்கரையும், சிலர் வீட்டில் மில்க்மெய்டும் சேர்ந்து அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். கடற்பாசியை விட்டுவிடச் சொல்லவில்லை. உங்களுக்கென்று ஒரு தட்டைச் சர்க்கரை இல்லாமல், இளநீரிலோ மிதமான பாலிலோ தனியாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். இளநீரிலும் கொஞ்சம் இயற்கைச் சர்க்கரை உண்டு என்பதால் அளவு சிறிதாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் படித்தது பெரும்பாலும் கராஜீனனைப் பற்றியதாக இருக்கும். அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அமிலத்தில் சூடாக்கிச் சிதைக்கப்பட்ட கராஜீனன் கினிப்பன்றிகளின் குடலைப் புண்ணாக்கியது என்பது 1960களின் இறுதியிலிருந்தே தெரிந்தது. உணவில் அனுமதிக்கப்பட்டிருப்பது அது அல்ல, சிதைக்கப்படாத கராஜீனன். ஐஸ்கிரீம், சாக்லேட் பால், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றின் உறையில் 407 என்ற எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் ஜெர்மனியின் டூபிங்கனில் ஆரோக்கியமான 20 இளைஞர்களுக்கு இரண்டு வாரம் கராஜீனன் கொடுத்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், குடற்சுவரின் கசிவுத்தன்மை கூடியது. இன்சுலின் செயல்திறன் மொத்தத்தில் மாறவில்லை, ஆனால் எடை கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் நீரிழிவும் எடையும் உள்ள ஒருவர், அதே பொருளைச் சர்க்கரைக்கு மருந்தென்று நினைத்துத் தினமும் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவதற்கு எதிராக எனக்கு அது போதுமானது. உங்கள் டப்பாவில் கராஜீனன் என்று எழுதியிருந்தால் வேண்டாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அறவே வேண்டாம். அகருக்கும் அல்ஜினேட்டுக்கும் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. சிவப்புப் பாசி என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே கூண்டில் நிறுத்தத் தேவையில்லை.

இப்போது தைராய்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கெல்ப் என்றும் கொம்பு என்றும் சொல்லப்படும் பழுப்புப் பாசியின் ஒரே ஒரு கிராம் காய்ந்த பொடியில் ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும். நாம் ஏற்கெனவே அயோடின் சேர்த்த உப்பைத்தான் சாப்பிடுகிறோம். தைராய்டு சரியாகச் சுரக்காத ஒருவருக்கு இப்படித் திடீரென்று அயோடின் குவிந்தால் சுரப்பு மேலும் மந்தமாகலாம், சிலருக்கு மாறாக எகிறவும் செய்யலாம். கழுவிச் சுத்திகரித்துப் பிரித்தெடுத்த அகரிலும் அல்ஜினேட்டிலும் அயோடின் மிகக் குறைவு. முழுப் பாசியை உலர்த்தி அரைத்த பொடியில்தான் ஆபத்து. டப்பாவில் ஒரு வேளை அளவுக்கு எத்தனை மைக்ரோகிராம் அயோடின் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடாத முழுப்பாசிப் பொடி எதுவானாலும் உங்களுக்குக் கூடாது என்பதே என் கருத்து. கரையில் ஒதுங்கும் கட்டக்கோரையை வீட்டில் உலர்த்தி அரைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அது சர்காசம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியில் நச்சுத்தன்மை மிக்க கனிம ஆர்செனிக் அதிகம் என்பதால், அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தரக் கழகம் 2004-இலேயே அறிவுறுத்தியது.

இத்தனைக்குப் பிறகும், தம்பி மகன் ஆசையோடு அனுப்பியதை வீணாக்க மனம் வராமல், டப்பாவில் இருப்பது சுத்திகரித்த அல்ஜினேட்டோ அகரோதான் என்று உறுதியாகத் தெரிந்தால், உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முயன்று பார்க்கலாம். தைராக்ஸின் மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நாரோடு சேர்ந்தால் மாத்திரை உறிஞ்சப்படுவது குறையும். ஆகவே காலையில் வேண்டாம், மதிய உணவுக்குச் சற்று முன் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். மெட்ஃபார்மினே வயிற்றை உப்பவைக்கும் மருந்து என்பதால் ஒரேயடியாக ஐந்து கிராம் எடுத்தால் உப்புசம் உங்களைப் படுத்தும். பொடியைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, மேலும் ஒரு தம்ளர் தண்ணீரோடு குடியுங்கள். உலர்ந்த பொடியாக வாயில் போட்டால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. மற்ற எச்சரிக்கைகளைவிட உங்களுக்கு முக்கியமானது கிளிமிபிரைடு. அந்த மருந்து உணவு உள்ளே வருகிறதோ இல்லையோ இன்சுலினைச் சுரக்கவைக்கும். உணவு உறிஞ்சப்படுவது தாமதமாகும் வேளையில் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு இருக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மருத்துவருக்குத் தெரிவியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் முழுப்பாசிப் பொடிகளைத் தவிர்க்க வேண்டும். உங்களுக்கு இவை இல்லை என்றாலும் டப்பா வீட்டில் கை மாறும் என்பதால் சொல்கிறேன்.

பலன் தெரிகிறதா என்பதை நீங்களே அளக்கலாம். ஒரே மாதிரியான மதிய உணவைச் சில நாள்கள் பொடியோடும் சில நாள்கள் பொடி இல்லாமலும் சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு வாரக் குறிப்பில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை என்றால், மூன்று மாத சராசரி மட்டும் தானாக இறங்கிவிடாது.

நான் உங்களுக்கு முதலில் எழுதிக்கொடுக்க விரும்புவது வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு உணவிலிருந்தே நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் கிடைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அன்றாடச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, இட்லி தோசை என்று இருந்தால் நீங்கள் அந்த அளவில் பாதியைத் தொடுவதே அரிது. மதியச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ கொள்ளோ சுண்டலாக ஒரு கிண்ணம், கீரை ஒன்று, அவரையோ கொத்தவரையோ பொரியலாக ஒன்று என்று வையுங்கள். பயறுகளில் உள்ள நாரை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் உங்கள் குடலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை ரோஸ்காஃபில் இருந்தோ ஜப்பானிலிருந்தோ வர வேண்டியதில்லை. கூழாக இறுகும் நார் ஒன்றையும் சேர்க்க விரும்பினால், மேலே சொன்ன இடைவெளியோடு இரவு உணவுக்கு முன் ஒரு தேக்கரண்டி இசப்கோல் போதும்.

கஞ்சிப்பாசியில் கஞ்சி காய்ச்சும் வழக்கம் உங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். சுத்தமான நீரில் எடுத்து, பலமுறை அலசி, மாதத்தில் ஒன்றிரண்டு நாள் உணவாகச் சாப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. தினசரி மருந்தாக ஆக்கிவிட வேண்டாம். பொடியைத் தொடங்குவதானால் அதற்கு முன் டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, எட்டு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். மூன்று மாத சராசரியையும் அடுத்த முறை உரிய காலத்தில் எடுத்து, 7.8 என்பது எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகு, மாத்திரையைப் பற்றிய பேச்சை உங்கள் மருத்துவரோடு வைத்துக்கொள்ளுங்கள்.